பதினேழாம் குட்டைக்குத் தகவல் தந்தவர்

மனித குலத்தைக் கெடுத்தவை மூன்று: வருகைப் பதிவேடு, ரவா உப்புமா, நன்றி. இந்த உண்மையை முதன்முதலில் கண்டுபிடித்து எழுத்தில் வைத்தவன் நான். இருபது வயதுக்குள் இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டவர்கள் உலகத்தில் மிகச் சிலரே இருக்க வேண்டும். அவர்களில் வேறு யாரும் மந்தைவெளியில் வசிக்கவில்லை.

என் பெயர் அறிவு. அந்தப் பெயரை வைத்துச் சொல்லக்கூடிய நகைச்சுவைகள் எல்லாம் நான் ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் சொல்லி முடிக்கப்பட்டுவிட்டதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கல்லூரியில் பொருளியல் துறைக்கு வெளியே, தண்ணீர் கேனுக்கு மேலே, ‘முட்டுச்சந்து’ என்றொரு கையெழுத்துப் பத்திரிகை ஒட்டப்படும். அதன் ஆசிரியர், நிருபர், பசை தடவுபவர் எல்லாம் நான்தான். ஆண்டு விழா முடிந்த மறுநாள் அதில் ‘நன்றியுரை: ஒரு பிரேதப் பரிசோதனை’ என்ற கட்டுரை வெளியானது. நன்றியுரை நாற்பத்தொரு நிமிடம் ஓடியது. எழுபத்து மூன்று பேருக்கு நன்றி சொல்லப்பட்டது. மைக்செட் அமைத்தவருக்கு மட்டும் மூன்று முறை. மழைக்கு ஒரு முறை, வராமல் இருந்ததற்காக. இவ்வளவுதான் எழுதியிருந்தேன். ஒரு சொல் கூட்டவில்லை.

நன்றியுரை ஆற்றியவர் எங்கள் துணை முதல்வர். என் வருகைப் பதிவு அறுபத்திரண்டு சதவீதம்தான் என்பது அன்று மாலையே அவர் நினைவுக்கு வந்துவிட்டது. தேர்வு எழுத வேண்டுமென்றால் இரண்டு வாரம் தாவரவியல் துறையின் கணக்கெடுப்பில் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார். கடிதத்தின் கடைசி வரி ‘நன்றி’.

கணக்கெடுப்பு இதுதான். மந்தைவெளியில் தொடங்கி, கால்வாயை ஒட்டியே அடையாறு வழியாகப் போய், ஆதம்பாக்கத்தில் முடிகிற மாதிரி ஒரு புதிய சாலை வரப்போகிறது. அது வருவதற்கு முன்னால் வழியில் இருக்கும் பள்ளம், வாய்க்கால், குட்டை முப்பதிலும் தானாக முளைத்த செடிகள் என்னென்ன என்று எழுதிக் கொடுக்க வேண்டும். துறைத் தலைவர் கோதண்டபாணி சார் முதல் நாளே விதியைச் சொன்னார்.

“வெளிநாட்டுக் களை, இந்த வெங்காயத்தாமரை மட்டும்தான் இருக்குன்னா அந்தக் குட்டையை மண்ணு கொட்டி மூடிடுவாங்க. நாட்டுச் செடி அஞ்சு வகைக்கு மேல இருந்தா மூடக் கூடாது. ரோடு வளைஞ்சு போகணும், இல்ல மேல தாண்டிப் போகணும். நீங்க எழுதுற ஒரு வரியிலதான் ஒரு குட்டையோட உயிர் இருக்கு. புரியுதா?”

எல்லோரும் புரிகிறது என்றார்கள். நான் அவர் மீசையை வரைந்துகொண்டிருந்தேன்.

என்னைக் கூட்டுச் சேர்த்துவிட்டது ஈவ்லினோடு. மூன்றாம் ஆண்டு தாவரவியல், வீடு சாந்தோம். அவள் குடும்பத்தில் அப்பா, அத்தை, பெரியப்பா எல்லோரும் ஆசிரியர்கள். வீட்டில் சாப்பிடும்போதுகூட கையைத் தூக்கிவிட்டுத்தான் சாம்பார் கேட்பார்கள் என்பது என் ஊகம். எங்கள் ஆயுதம், பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரச் சட்டம். திரும்பி நின்றுகொண்டு அதைத் தோளுக்குப் பின்னால் வீச வேண்டும். எங்கே விழுகிறதோ அதற்குள் இருக்கும் செடிகளை எண்ண வேண்டும். பார்த்து வீசினால் நல்ல இடமாகப் பார்த்து வீசிவிடுவோமாம். மனிதர்கள் மேல் அறிவியலுக்கு இருக்கும் நம்பிக்கை அவ்வளவுதான்.

எண்ணியதை எழுத ஒரு படிவம். அதன் கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘தகவல் தந்தவர்’. அரை அங்குல அகலம். உலகத்தில் எல்லோரும் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். ஈவ்லின் நிரப்பினாள்.

முதல் நாள், மந்தைவெளியில் ஒரு வாய்க்கால் ஓரம். ஆட்டோவில் சாய்ந்து நின்ற ஒருவர், அந்தப் பக்கம் இருக்கும் கோரை மழைக்குப் பிறகுதான் வரும் என்று போகிற போக்கில் சொன்னார்.

“அண்ணா, உங்க பேரு?”

“எதுக்கும்மா? கேஸா?”

“இல்லண்ணா. நீங்க சொன்னதை எழுதறேன். சொன்னவர் பேரும் எழுதணும்ல.”

“டில்லிபாபு. ஆட்டோ டில்லிபாபுன்னு போடும்மா. இங்க மூணு டில்லிபாபு கீறானுங்க.” ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “போன் நம்பரும் போட்டுக்கோ” என்றார். அதையும் எழுதிக்கொண்டாள். சேற்றில் மாட்டிய என் செருப்பைக் குச்சியால் எடுத்துக் கொடுத்த டீக்கடைக்காரர் பவுல்சாமி பெயரையும் எழுதினாள்.

“செருப்புக்கும் தாவரவியலுக்கும் என்ன சம்பந்தம்?” என்றேன்.

“அவர் எடுத்துக் கொடுக்கலன்னா நீ அப்பவே வீட்டுக்குப் போயிருப்ப.”

“அங்க ஒரு எருமை நமக்கு வழி விட்டுச்சு. அதையும் போடு.”

“பேரு கேட்டுட்டு வா, போடறேன்.”

அந்த வார முட்டுச்சந்தில் ‘எருமைக்கு நன்றி: ஒரு தாவரவியல் முன்னேற்றம்’ என்று எழுதினேன். ஈவ்லின் நின்று முழுவதும் படித்தாள். கீழே பென்சிலால் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் நாள் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. பதினைந்து, பதினாறு, பதினேழு மூன்றும் என் தலையில் விழுந்தன. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன், அவை ரோட்டோரம் என்பதால். பதினேழு, கஸ்தூர்பா நகர் ஸ்டேஷன் தாண்டிப் பறக்கும் ரயில் பாலத்துக்குக் கீழே, ஒரு சுவருக்குப் பின்னால் இருந்தது. மதியம் ஒன்றரை மணி. எதிர்ப் பக்கம் ஒரு டீக்கடை, அதில் ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு மேல் ஒரு விசிறி. பெஞ்சிலிருந்து பார்த்தால் சுவரின் உடைந்த இடம் வழியாகக் குட்டை தெரிந்தது. மேலே முழுக்க வெங்காயத்தாமரை, அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் பை.

‘வெங்காயத்தாமரை மட்டும். வேறு செடி இல்லை’ என்று எழுதினேன். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. என் முழங்கையில் ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. தகவல் தந்தவர்: கொசு.

அந்த நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். விசிறிக்குக் கீழே இன்னொரு டீ குடித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் புதன்கிழமை, பதினெட்டாம் இடத்துக்கு ஈவ்லினோடு போனேன். அது பதினேழுக்கு நூறடி தள்ளி. அவள் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தாள், நான் மேலே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையில் ஈரக் கோணிப்பையோடு ஒரு பெண் எதிரில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். புடவையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தார். கால் முழுக்கச் சேறு.

“ஏம்பா, முந்தாநேத்து டீக்கட பெஞ்சுல குந்திக்கினு எய்தினது நீதானே?”

எனக்கு எந்த ஊரில் நின்றாலும் உடனே பதில் வரும். அன்று சட்டத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்ததுதான் என் பதில்.

“நீதான். இந்த பைப்பு ஞாபகம் கீது. காலேஜு ஆளுங்க வந்து எய்திக்கினு போனா குட்டைய மூட மாட்டாங்கன்னு டீக்கடைல சொன்னாங்க. நல்லபடியா எய்திட்ட இல்ல?”

“எழுதிட்டேன்க்கா” என்றேன். அது பொய் இல்லை. எழுதியிருந்தேன்.

அவர் பெயர் தேவானை. இந்தக் கால்வாய் ஓரம்தான் பிறந்து வளர்ந்தாராம். ஆறு வருடத்துக்கு முன்னால் மொத்தமாக எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். “வூட்ட மாத்திக் குட்த்தாங்க. குட்டைய எடுத்துக்கினு போவ முடியல.” அதனால் தினமும் முதல் பஸ் பிடித்து வந்து, இந்தக் குட்டையில் ஆரைக்கீரையும் வள்ளைக்கீரையும் பறித்து, ஏழு மணிக்கெல்லாம் மயிலாப்பூர் மாட வீதியில் உட்கார்ந்துவிடுவார். மதியம் மறுபடி வந்து சாயங்கால வியாபாரத்துக்குப் பறிப்பார். “கால்வா தண்ணி இதுல ஏறாது. மொத்தமும் மழத் தண்ணி. மேலாக்க இந்தப் பாயாப்போன தாமர, அத்தத் தள்ளினா அடியில அவ்ளோ கீது.”

கோணியிலிருந்து இரண்டு கட்டு கீரை எடுத்து என் கையில் திணித்தார்.

“வேணாம்க்கா.”

“இன்னாத்துக்கு வேணாம்? எங்க குட்டைய எய்திக் குட்த்த. உங்கம்மாவாண்ட குடு. நல்லா இருப்ப நைனா.”

போய்விட்டார். பள்ளத்திலிருந்து ஈவ்லினின் தலை மட்டும் மேலே வந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“டேய் அறிவு. பதினேழுல என்னடா எழுதின?”

மாலையில் துறையில் உட்கார்ந்து படிவங்களைக் கணினியில் ஏற்றினாள். பதினேழாம் வரியைத் தட்டியதும் அந்தக் கட்டம் தானாகச் சிவப்பாக மாறியது. பக்கத்தில் ‘மூடலாம்’ என்று வந்தது. கடைசிக் கட்டத்தை அவள் சத்தமாகப் படித்தாள். “தகவல் தந்தவர், கொசு.” திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு அறிக்கை போகுது” என்றாள்.

“ஈவ்லின், அவங்கதான் அடியில அவ்வளவு இருக்குன்னாங்களே. ஆரை, வள்ளை… இப்பவே சேர்த்து மாத்திட்டா?”

“நீயும் பாக்கல, நானும் பாக்கல. பாக்காததை நான் எழுத மாட்டேன்.”

“அப்ப?”

“இத்தனை நாளா என்னைக் கிண்டல் பண்ணின வாய்தானே. நீயே சொல்லு.”

வீட்டில் அம்மா ஆரைக்கீரையை ஆய்ந்துகொண்டே, “இலை எவ்ளோ சுத்தமா கீது பாரு. எவ பறிச்சாளோ, அவ கையி நல்லா இருக்கணும்” என்றார். கடைந்து வைத்தார். மூன்று முறை போட்டுக்கொண்டேன். குற்றவுணர்ச்சியில் சாப்பாடு இறங்காது என்று எழுதுகிறவர்கள் யாரும் ஆரைக்கீரைக் கடைசலைச் சாப்பிட்டதில்லை. ஆனால் கை கழுவும்போது ஒன்று தோன்றியது. பாராட்டு, பரிசு, கைத்தட்டல் எதுவுமே என்னை இப்படி உறுத்தியதில்லை. நான் செய்யாத ஒன்றுக்காக ஒரு மனுஷி எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடையும் இல்லை.

ஈவ்லினுக்கு போன் செய்தேன். “காலைல அஞ்சரைக்கு நான் போறேன். செடி பேரு எனக்குத் தெரியாது. வருவியா?”

“அந்த நேரத்துல எதுல போறது?” என்றவள், தானே பதிலும் சொன்னாள். “இரு. நம்பர் இருக்கு.”

ஐந்தே காலுக்கு என் வீட்டு வாசலில் ஆட்டோ டில்லிபாபு நின்றார். பின்னால் ஈவ்லின், மடியில் சட்டம். “என் பேர எய்திக்கினு போன பொண்ணு இதாம்பா. அதான் கூப்ட்டவொடனே வந்துட்டேன்” என்று எனக்கு விளக்கினார்.

குட்டை பனியோடு இருந்தது. தேவானை முன்பே இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். எங்களைப் பார்த்தார். நான் முறைப்படி திரும்பி நின்று சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் வீசினேன்.

நிலத்தில் வீசினால் அது விழுந்த இடத்தில் கிடக்கும். பிளாஸ்டிக் குழாய் தண்ணீரில் மிதக்கும் என்பதை இரண்டு வாரத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. அது அழகாக மிதந்து நடுக்குட்டைக்குப் போனது. பின்னாலேயே நானும் போனேன். நான்காவது அடியில் கால் உள்ளே இறங்கியது. தொடை வரைக்கும் இறங்கியது. அப்புறம் மேலே வரவில்லை.

“அக்கா!”

“ஆடாத. ஆடினா இன்னும் போவ.” சிரிப்பை அடக்க அவர் ஒரு முயற்சியும் செய்யவில்லை. “பெஞ்சு நல்லா இருந்துச்சா நைனா?”

டில்லிபாபு ஆட்டோவிலிருந்து, வண்டி நின்றுபோனால் கட்டி இழுக்கிற கயிற்றை எடுத்து வந்து வீசினார். அவர் கரையிலிருந்து இழுக்க, தேவானை பக்கத்தில் வந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, ஒரு சத்தத்தோடு வெளியே வந்தேன். ஒரு செருப்பு வரவில்லை. அது இப்போதும் பதினேழாம் குட்டையில் இருக்கிறது. வெளிநாட்டுத் தாவரம் என்று யாராவது எழுதிவிடுவார்கள்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும்” என்றேன். “அன்னிக்கு நான் இதுல எதையும் எழுதல. ஒண்ணுமே இல்லன்னு எழுதிட்டேன்.”

“தெர்யும்.”

“தெரியுமா?”

“டீக்கடைல குந்திக்கினு பாத்தா எனக்கே ஒண்ணும் தெரியாது. உனுக்கு எங்க தெரியும்?”

“அப்ப கீரை எதுக்குக் குடுத்தீங்க?”

தேவானை வெங்காயத்தாமரையை இரண்டு கையாலும் ஒதுக்கிக்கொண்டே பேசினார். “திட்டியிருந்தா நீ வந்திருப்பியா? போய்க்கினே இருந்திருப்ப. இப்ப வந்துட்ட இல்ல.” அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. “இதப் பாரு கண்ணு. இது மூடிட்டா நான் அந்த பஸ்ஸுல ஏற வேண்டிய வேல இல்ல. ஏறாத போனா அங்க நாலு செவுத்துக்குள்ள இன்னா பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. நல்லா பாத்து எய்து.”

பார்த்து எழுதினேன். கயிற்றைச் சட்டத்தில் கட்டி வீசினோம். தாமரையை அவர் தள்ளிப் பிடிக்க, ஈவ்லின் குனிந்து எண்ணினாள். நாலு இலை கூடின ஆரை. தண்ணீர் மேல் படர்ந்த வள்ளை. பொன்னாங்கண்ணி. ஓரத்தில் சின்ன வெள்ளைப் பூவோடு நீர்ப்பிரம்மி. “இது கொட்டி, அடியில கெயங்கு கீது, சுட்டுத் துன்னலாம்” என்றார் தேவானை. கரையில் கோரை, கரிசலாங்கண்ணி. ஏழு ஆனபோதே ஈவ்லின் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எட்டாவது, தண்ணீருக்கு மேல் நூல் மாதிரி ஒரு தண்டு, அதன் உச்சியில் மஞ்சளாக ஒரு பூ. தேவானைக்கும் பெயர் தெரியவில்லை. ஈவ்லின் அதை உள்ளங்கையில் ஏந்தினாள். வேருக்குப் பதிலாகக் கடுகளவு பைகள் தொங்கின.

“டேய், இது பூச்சி பிடிக்கிற செடிடா. இந்தப் பைக்குள்ள இழுத்துப் போட்டுத் தின்னும்.”

“எந்தப் பூச்சியை?”

“கொசுப் புழுவை” என்றாள். “உன் தகவல் தந்தவரோட குடும்பத்தை.”

கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சிரித்தோம். டில்லிபாபுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் சிரித்தார்.

பத்தேகாலுக்குக் கோதண்டபாணி சார் முன்னால் நின்றேன். பேன்ட்டில் காய்ந்த சேறு, ஒரு கால் வெறுங்கால். அவர் இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொசுவில் கொஞ்ச நேரம் நின்றார்.

“திருத்தினா காரணம் எழுதணும்.”

‘முதல் முறை இடத்துக்குப் போகாமல் எழுதினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“இதை எழுதிட்டா உன் ரெண்டு வாரம் செல்லாது. வருகைப் பதிவு திரும்ப அறுபத்திரண்டுதான். தெரியுமா?”

“தெரியும் சார்.”

மீசையைத் தடவினார். நான் வரைந்ததைவிட நல்ல மீசை. கணினிப் பக்கம் திரும்பி, எட்டு வகையையும் தானே ஏற்றினார். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. “நான் ரோடு போடுற ஆள் இல்லப்பா. வளைப்பாங்களா, தாண்டுவாங்களா, அது அவங்க பாடு. மூடலாம்ங்கிற பட்டியல்ல அந்தக் குட்டை இல்ல. அவ்வளவுதான் நம்மால முடியும்.” கொஞ்சம் கழித்து, “இன்னும் பன்னெண்டு இடம் ரெண்டாவது அறிக்கைக்கு இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் வா. துணை முதல்வர்ட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். “எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, பத்து நிமிஷத்துல குடு.”

ஈவ்லின் பூவை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினாள். வாசலில் காத்திருந்த டில்லிபாபுவின் போனிலிருந்து, காலையில் அவர் வாங்கி வைத்த எண்ணில் தேவானைக்கு விஷயத்தைச் சொன்னேன். மாட வீதியிலிருந்து பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது. “அப்டியா? சரி நைனா. இரு, வியாபாரத்துல கீறேன்.” வைத்துவிட்டார். நன்றியைத்தான் முன்பே இரண்டு கட்டாகக் கொடுத்திருந்தாரே.

துறைக்குத் திரும்பியபோது அறையில் யாரும் இல்லை. படிவம் என் முன்னால் இருந்தது. கடைசிக் கட்டம், அரை அங்குல அகலம், காலி.

கதவைப் பார்த்தேன். பேனாவைத் திறந்தேன்.

தேவானை, கீரை வியாபாரம், பெரும்பாக்கம். தாமரையைத் தள்ளிப் பிடித்தவர். கொட்டிக்குப் பெயர் சொன்னவர். ஆட்டோ டில்லிபாபு, மூவரில் ஒருவர், கயிறு கொடுத்தவர். ஈவ்லின், பார்க்காததை எழுத மாட்டேன் என்றவர். அம்மா, கீரை கடைந்தவர். தாவரவியலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்கலாம். பவுல்சாமி, டீக்கடை, முதல் நாள் செருப்பு.

கட்டத்தில் இடம் முடிந்துவிட்டது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.